ஒரே பள்ளத்தாக்கில் வேறு மேய்ச்சல்

குளிர்ப்பெட்டி வந்து இறங்குகிற வாரத்தில் மதியம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆய்வுக்கூடத்தில் ஒருவரும் விரும்புவதில்லை. அந்தப் பெட்டிக்குள் இருப்பது பனிமான்களின் புழுக்கை. நோர்வேக்கும் வடக்கே, வருடத்தில் பெரும்பகுதி பனி மூடிக் கிடக்கிற ஒரு தீவில் கோடை முழுவதும் அதைப் பொறுக்கி, உறைய வைத்து, எங்களுக்கு அனுப்புவார்கள். சூரிச்சுக்கு வெளியே காட்டோரமாக நிற்கும் எங்கள் கட்டடத்தில் அதைப் பிரித்து, உலர்த்தி, மா மாதிரி அரைத்து, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்பது என் வேலை. நான் விஞ்ஞானி இல்லை. பள்ளிக்கூடம் முடித்ததும் தொழில் பழகி வந்த ஆய்வுக்கூட உதவியாளர்.

ஒரு நாற்றமும் இல்லை என்று நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். உலர்த்தும் அடுப்பைத் திறந்தால் ஈரப் பாசியும் காய்ந்த தேயிலையும் கலந்தது போல ஒரு மணம் வரும், அவ்வளவுதான். ஆனால் நான் என்ன செய்கிறேன் என்று தெரிந்த பிறகு ஆட்கள் என் கைகளைப் பார்க்கிற பார்வையே வேறு.

அண்ணாவின் மனைவிக்கு, அதாவது என் மச்சாளுக்கு, அது தெரியவந்த விதம் எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் சிரிப்புத்தான். பனிமானுக்கு ஜெர்மன் மொழியில் ரென்டியர் என்று பெயர். ஓய்வூதியம் எடுக்கிறவரை ரென்ட்னர் என்பார்கள். நான் தொலைபேசியில் சொன்னதை அவர் பாதிதான் காதில் வாங்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பென்சன்காரற்றயோ? அதுக்கெண்டு ஒரு வேலை இருக்கோ இந்த நாட்டில?"

மான் என்று விளங்கிய பிறகும் அவருக்கு முழு நிம்மதி வரவில்லை. "படிச்ச பிள்ளை நீர்," என்றார்.

ஒரு மான் என்ன சாப்பிட்டது என்று மானிடம் கேட்க முடியாது. அதனால்தான் இந்த வேலை. இளம் இலையும் பூவும் தின்ற மானின் புழுக்கையில் நைதரசன் கூடுதலாக இருக்கும். பாசியும் முற்றிய தண்டும் தின்றதில் குறைவாக இருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் செரிக்காத துண்டுகள் தெரியும். இது வில்லோச் செடி, இது புல், இது பாசி என்று பிரித்துவிடலாம். நான் சேர்ந்த காலத்தில் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து வருகிற எல்லாவற்றையும் சேர்த்து, அந்தப் பள்ளத்தாக்குக்கு ஒரு சராசரி எண் கொடுப்போம். பிறகு எங்கள் குழுவுக்கு ஒரு புதிய தலைவி வந்தார். பேர்ண் பக்கத்து மலைக் கிராமத்தில் பிறந்த, அதிகம் பேசாத பெண். அவர் சராசரி வேண்டாம் என்றார். ஒவ்வொரு மானும் தனித்தனியாக என்ன தின்கிறது என்று தெரிய வேண்டும் என்றார்.

அதற்காகத் தீவில் ஆட்கள் காதில் வண்ண அட்டை போட்ட மான்களைத் தேடிப் போனார்கள். ஒரு மானைக் கண்டால் அது புழுக்கை போடும்வரை தள்ளி நின்று காத்திருப்பார்கள். அதைப் பொறுக்கிப் பையில் போட்டு, அந்த மானின் காது நிறத்தைப் பையின் மேல் எழுதுவார்கள். மழையிலும் காற்றிலும் ஒரு மானின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றதாக அங்கே போய்வந்த மாணவர்கள் சொல்வார்கள்.

அப்படி வந்த முதல் வருடப் பைகளில் ஒரு பச்சைக் காது இருந்தது. மற்றப் பெண்மான்களின் எண்கள் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட நின்றன. மஞ்சள் காது ஒன்று மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே. பச்சைக் காது எல்லாவற்றுக்கும் கீழே. அதுவும் கொஞ்சமாகக் கீழே இல்லை. நான் என்னைத்தான் முதலில் சந்தேகித்தேன். பையை மாற்றியிருப்பேன், அரைக்கும் இயந்திரத்தைச் சரியாகத் துடைக்காமல் விட்டிருப்பேன் என்று நினைத்து, மிச்சம் இருந்ததை எடுத்து முழுவதையும் மறுபடி செய்தேன். அதே எண்தான் வந்தது.

தலைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"எங்கேயோ பிழை விட்டிருக்கிறேன் போல. ஒரே பள்ளத்தாக்கு, ஒரே மாதம். இந்தளவு வித்தியாசம் எப்படி வரும்?"

அவர் என் எண்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தான் முன்பு வேறோர் ஆய்வுக்கூடத்தில் இதே மான்களுக்குச் செய்து பார்த்த பழைய வருடங்களின் எண்களைத் திரையில் திறந்தார். பச்சைக் காது ஒவ்வொரு வருடமும் கீழேதான். மஞ்சள் காது ஒவ்வொரு வருடமும் மேலே.

"உங்கள் பிழை இல்லை. அவள் எப்போதும் அப்படித்தான்."

பள்ளத்தாக்கின் படத்தையும் காட்டினார். கீழே ஆற்றங்கரையில் பச்சைப் பசேலென்ற ஈர நிலம். ஓரத்தில் கற்கள் நிறைந்த ஒரு சரிவு. மஞ்சள் காது பனி உருகுகிற விளிம்போடு நடக்கிறவள். பனி விலகிய இடத்தில் அப்போதுதான் முளைத்த தளிரைத் தின்றுகொண்டே மெல்ல மெல்ல மேலே போவாள். பச்சைக் காது அந்தக் கல்லுச் சரிவிலேயே கோடையைக் கழித்துவிடுவாள். வசந்தத்தில் பிடித்து நிறுத்துப் பார்க்கிறபோது அவள் எடை குறைவாக இருக்கும். சில வருடங்களில் குட்டியும் இருக்காது.

"கீழே அவ்வளவு நல்ல புல் இருக்கும்போது ஏன் இறங்கி வருவதில்லை?" என்று கேட்டேன்.

"தெரியாது."

படத்தில் அந்தச் சரிவைத் தொட்டுக் காட்டித் தொடர்ந்தார். "ஒரு முழு நாள் அவளைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். காலையில் இவள் ஒரு முட்டாள் என்று நினைத்தேன். பின்னேரம் அப்படி நினைக்க முடியவில்லை. ஒரு தடவை கீழே இறங்கப் பார்த்தாள். மற்ற இரண்டு பெண்மான்கள் அவளை நோக்கி நடந்து வந்தன. முட்டவில்லை, துரத்தவில்லை. நடந்து வந்தன, அவ்வளவுதான். இவள் திரும்பிப் போய்விட்டாள். பனிமான்களில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு, இவளுக்கு மட்டும் முளைப்பதில்லை. மற்றவர்களுக்குக் குளிர்காலம் முழுவதும் கொம்பு இருக்கும். பனியைத் தோண்டி இவள் ஒரு குழி எடுத்தால் கொம்புள்ளவள் வந்து அந்தக் குழியைத் தனதாக்கிக்கொள்வாள். அந்தப் பழக்கத்தால்தான் கோடையிலும் தள்ளி நிற்கிறாளோ என்னவோ. ஒரு நாள் பார்த்ததை வைத்துச் சொல்ல முடியாது."

அந்த இலையுதிர்காலத்தில்தான் மச்சாள் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

அண்ணாவும் மச்சாளும் பீல் நகரில் இருக்கிறார்கள். அண்ணா அங்கே நகரப் பேருந்து ஓட்டுகிறார். மச்சாள் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் பாகங்கள் பொருத்துகிறார். பிள்ளைகள் இருவரும் படிப்புக்காக வெளியே போய்விட்டார்கள். நான் தனியாக வின்டர்தூரில்.

"உம்மட அண்ணைக்குச் சீனி நல்லாக் கூடிட்டுது," என்றார் மச்சாள். "டொக்டர் ஏசிப்போட்டார். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லித் தாற பொம்பிளையிட்டயும் அனுப்பினவை. போயிருந்து எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு வந்தார். நான் கட்டிக் குடுக்கிற சாப்பாடு மூடி திறக்காமல் திரும்பி வருது. அப்ப என்னத்தைத் திண்டு சீனி ஏறுது? நான் கேட்டால் பதில் இல்லை. நீர் ஒருக்கா வந்து கதையும். நீர் சொன்னாலாவது கேப்பார்."

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டேன். தட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இதில் மரக்கறி, இதில் சோறு, இதில் பருப்பு என்று நிறம் தீட்டிய ஒரு படத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். ரயிலில் என்ன பேசுவது, எந்த வரிசையில் பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

மச்சாள் குத்தரிசிச் சோறும் கோழிக் கறியும் பருப்பும் கீரையும் வைத்திருந்தார். அண்ணா நன்றாகச் சாப்பிட்டார். கீரையை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்ததும் நான் படத்தை எடுத்து மேசையில் விரித்து, நார்ச்சத்து, மாச்சத்து, நேரத்துக்குச் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அண்ணா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதோ?"

"என்ன?"

"வகுப்பு."

"பகிடி விடாதேங்கோ அண்ணா. இது விளையாட்டு இல்லை. கண்ணைப் பாதிக்கும், காலைப் பாதிக்கும். கண் போனால் பஸ் ஓட்டேலுமோ?"

"எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?"

"தெரிஞ்சால் ஏன் கட்டிக் குடுக்கிற சாப்பாட்டைச் சாப்பிடுறியள் இல்லை?"

அவர் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் எனக்குப் பேச வசதியாக இருந்திருக்கும்.

"நீ உன்ர மானுக்கும் இப்பிடிப் படம் கீறிக் குடுக்கிறனியோ?" என்று கேட்டார்.

மச்சாள் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான் ஒண்டு சொல்லுறன்," என்றார் அண்ணா. "ஒரு நாள் வந்து என்ர பஸ்ஸில இரு. காலமையில இருந்து முடியும்வரைக்கும். பிறகு என்ன சொன்னாலும் கேக்கிறன். சத்தியமாக் கேக்கிறன்."

திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. எனக்கும் அண்ணாவுக்கும் ஏழு வயது வித்தியாசம். அப்பா முதலில் வந்து அகதி அனுமதி கிடைத்த பிறகு, அம்மாவோடு நாங்கள் இருவரும் ஒரே விமானத்தில் வந்து இறங்கினோம். எனக்கு ஏழு வயது. நேராக முதலாம் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அடுத்த வருடம் ஜெர்மன் என் வாயில் தானாக வந்தது. அண்ணாவுக்குப் பதினான்கு. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்று வைத்த வகுப்பில் கொஞ்சக் காலம் இருந்தார். பிறகு ஒரு விடுதியின் சமையலறையில் பாத்திரம் கழுவினார். பல வருடம் கழித்துத்தான் பேருந்து ஓட்டுகிற உரிமம் எடுத்தார். எங்கள் இருவருக்கும் ஒரே வீடு, ஒரே மேசை, அம்மாவின் ஒரே சமையல். அண்ணாவுக்கு மட்டும் ஏன் இப்படி என்று நான் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். நினைத்த ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஒரு விடை தயாராக இருந்தது. அண்ணா முயற்சி எடுப்பதில்லை என்பது அந்த விடை.

சில வாரம் கழித்து விடுமுறை எடுத்துக்கொண்டு போனேன். முதல்நாளே போய் அவர்கள் வீட்டில் தங்கினேன். காலையில் அண்ணா பணிமனைக்குப் போய்விட்டார். நான் முதல் தரிப்பில் நின்று அவருடைய பேருந்தில் ஏறி, முன்பக்க இருக்கையில் உட்கார்ந்தேன். எனக்கு நேரே, ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று இரண்டு மொழியில் எழுதியிருந்தது. அதனால் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பீலில் பாதிப்பேர் பிரெஞ்சு, பாதிப்பேர் ஜெர்மன். ஏறுகிறவரின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அண்ணா ஒருவருக்கு "போன்ஜூர்" என்பார், அடுத்தவருக்கு "குரூஸெக்" என்பார். ஒரு தடவைகூடப் பிழைத்ததை நான் காணவில்லை. சமையலறையில் பேச்சே இல்லாமல் நின்ற பையனை நினைத்துக்கொண்டேன். பிரெஞ்சு எங்கே பழகினீர்கள் என்று பிறகு கேட்டதற்கு, "இந்தக் கதவடியிலதான்," என்றார்.

அவருடைய வழித்தடம் மேட்டுப் பகுதிக்குப் போவது. அங்கே ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. தள்ளு நடைச் சட்டத்தோடு ஏறுகிறவர்கள் அதிகம். மற்ற ஓட்டுநர்கள் கதவு மூடியதும் எடுத்துவிடுவார்கள். அண்ணா கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, அவர்கள் உட்கார்ந்து சட்டத்தைப் பூட்டும்வரை அசைய மாட்டார். ஒவ்வொரு தரிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் போகும். கடைசித் தரிப்பில் அவருக்கு இளைப்பாறக் கொடுத்திருக்கும் நேரம் அப்படியே கரைந்து, வண்டியைத் திருப்பி நிறுத்தவே சரியாக இருக்கும்.

அந்தக் கடைசித் தரிப்பில் உட்கார ஒரு வாங்கு, போத்தல் போடுகிற தொட்டி, காசு போட்டால் இனிப்பு விழுகிற ஒரு இயந்திரம். எதிரே ஒரு சிறிய தேநீர்க்கடை; காலையில் பூட்டியிருந்தது.

கதவு திறந்திருக்கையில் நான் பக்கத்தில் போய் நின்றேன். "தண்ணியாவது குடியுங்கோவன் அண்ணா."

"குடிச்சால் எங்க போறது?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் பூட்டிய கடையைக் கையால் காட்டினார்; அந்த இடத்தில் கழிவறை அதற்குள் மட்டும்தான். "மத்தியானத்துக்கு மேலதான் திறப்பினம். பணிமனைக்கு வண்டி கை மாறும்போதுதான் போவன். அதுவரைக்கும் குடியாமல் இருக்கிறதுதான் சுகம்."

சட்டைப் பையிலிருந்து ஒரு சொக்லேட் எடுத்து இரண்டு கடியில் முடித்துவிட்டார். "இதை ஒரு கையால திண்ணலாம்," என்றார்.

மச்சாள் கட்டிக் கொடுத்த பெட்டி அவருடைய இருக்கைக்குப் பின்னால் பையில் இருந்தது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"முந்தி இஞ்ச வைச்சுத்தான் திறந்து சாப்பிடுறனான். ஒருநாள் கத்தரிக்காய்க் கறி. ஒரு மனிசன் நேரத்தோட வந்து ஏறினார். என்னைப் பார்த்தார். பிறகு போய் ஜன்னலைத் திறந்தார். குளிர்காலம்."

"ஏதாவது சொன்னவரோ?"

"ஒண்டும் சொல்லேல்லை. ஜன்னலைத் திறந்தார், அவ்வளவுதான்."

வண்டி புறப்பட வேண்டிய நேரம் வந்துவிட்டது. நான் என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவருடைய வேலை காலையில் ஒரு பகுதி, பின்னேரம் ஒரு பகுதி. நடுவில் இடைவெளி. வீடு நகரத்தின் மறுகோடியில்; போய்வரவே பாதி நேரம் போய்விடும். வீட்டுக்கு வந்தபோது மச்சாள் வேலையில் இருந்தார். அண்ணா சப்பாத்தைக் கழற்றி, சோபாவில் சாய்ந்து, எதிரே இருந்த விசுக்கோத்துப் பெட்டியைத் திறந்தார். பாதி தின்னும்போதே கண் சொருகியது. சோற்றுப் பெட்டி மேசையில் மூடியபடி இருந்தது. அதைச் சூடாக்கிச் சாப்பிட்டு முடித்தால் படுக்க நேரம் இல்லை, படுக்காவிட்டால் பின்னேரம் கண் மங்கும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.

பின்னேரம் வண்டி எடுக்கப் போனபோது பணிமனையின் இளைப்பாறும் அறையைக் காட்டினார். அங்கே சூடாக்கும் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிவறை எல்லாம் இருந்தன. இரண்டு ஓட்டுநர்கள் சலாட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இவைக்கு இந்த நேரத்தில எப்பிடி ஏலுது?"

"இவையின்ர லைன் இந்த வழியாலதான் சுத்தி வாறது. ஒவ்வொரு சுத்துக்கும் இஞ்ச இறங்கலாம். கன காலம் வேலை செய்த ஆக்களுக்குக் குடுக்கிற லைன்."

"நீங்களும் கன காலம்தானே?"

"ஓம். கேட்டால் தருவினம்."

"கேட்டனீங்களோ?"

"இல்லை."

"ஏன்?"

அவர் கைகளைத் துடைத்துக்கொண்டார். "மேட்டு லைனில எனக்கு ஆக்களைத் தெரியும். வேறை ஆள் ஓட்டினால் அவை இருக்கமுதல் எடுத்துப்போடுவினம். போன வருசம் ஒரு அம்மா விழுந்து இடுப்பு முறிஞ்சது. நான் லீவில நிண்ட நேரம்."

பிறகு ஏதோ நினைத்தவராய்க் கேட்டார். "உனக்கு அடுத்த வருசமும் அங்க வேலை இருக்குமோ?"

"கையெழுத்து வந்தால்தான் தெரியும். ஒவ்வொரு வருசமும் அப்பிடித்தானே."

"எனக்கு இருக்கும்," என்றார். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு விஷயத்தைச் சொன்னார். போய் வண்டியில் ஏறினார்.

மிச்ச நேரம் முழுவதும் நான் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கொடுக்கவென்று அன்றும் மறுபடி கொண்டுபோன அந்தப் படம் பையிலேயே இருந்தது. அதில் இருந்தது எதுவும் பிழை இல்லை. ஆனால் அதில் கடைசித் தரிப்பு இல்லை, பூட்டிய கடை இல்லை, அந்த ஜன்னல் இல்லை. அந்த முதியவர்களும் இல்லை. அவர்களை அண்ணா விரும்பியே சுமக்கிறார் என்பதுதான் எனக்குப் புதிது. அங்கே நிற்பதில் பாதி விதிக்கப்பட்டது, பாதி அவரே எடுத்துக்கொண்டது. எது எங்கே முடிந்து மற்றது தொடங்குகிறதென்று, நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியவில்லை.

இரவுச் சாப்பாட்டு மேசையில் மச்சாளுக்கு ஜன்னல் விஷயத்தை அண்ணாவே சொன்னார். மச்சாள் கரண்டியை வைத்துவிட்டார்.

"எனக்கு ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் சமைச்சுக் கட்டுறதை நிப்பாட்டிப்போடுவீர்."

"நிப்பாட்ட மாட்டன். மாத்தியிருப்பன். விடிய எழும்பி நான் கத்தரிக்காய் பொரிக்கிறன், அது பஸ்ஸில ஊர்வலம் போட்டு வருது!"

கோபமாகத்தான் சொன்னார். அண்ணா அவருடைய கையைத் தட்டிக் கொடுத்தார். நான் பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்தவள் போலத் தண்ணீர் எடுக்க எழுந்து போனேன்.

அதன் பிறகு நடந்தவை சிறிய காரியங்கள். மச்சாள் அவித்த கடலையும் முட்டையும் கட்டத் தொடங்கினார். கேழ்வரகில் சுட்ட குரக்கன் ரொட்டிக்குள் கீரையை வைத்துச் சுருட்டிக் கொடுத்தார். மணக்காது, ஒரு கையால் சாப்பிடலாம். கடைசித் தரிப்புத் தேநீர்க்கடைக்காரரிடம் அண்ணா போய்க் காலையிலும் கழிவறையைப் பயன்படுத்தலாமா என்று கேட்டார். இத்தனை வருடமாக எதிரே நிற்கிற மனிதன் ஏன் இதை முன்பே கேட்கவில்லை என்று அவர் ஆச்சரியப்பட்டாராம். பின்கதவுச் சாவி ஒன்றைக் கொடுத்துவிட்டார். வழித்தடத்தை அண்ணா முழுதாக மாற்றவில்லை. வாரத்தில் சில நாள் மட்டும் பணிமனை வழியாகச் சுற்றுகிற தடத்தைக் கேட்டு வாங்கினார். அடுத்த பரிசோதனையில் சீனி கொஞ்சம் இறங்கியிருந்தது. மருத்துவர் இந்த முறை ஏசவில்லை என்று மச்சாள் சொன்னார். சொக்லேட்டை அவர் விட்டாரா என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் தீவில் மழை பெய்தது. அங்கே குளிர்காலத்தில் மழை பெய்வது பனி பெய்வதைவிடக் கொடியது. பனிக்கு மேல் விழுந்த மழை இறங்கி, நிலத்தோடு கண்ணாடி போல உறைந்துவிடும். மான் எவ்வளவு தோண்டினாலும் புல்லுக்குப் போக முடியாது. வசந்தத்தில் போனவர்கள் ஆற்றங்கரையில் பல மான்களைச் செத்தபடி கண்டார்கள். தலைவி எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். மஞ்சள் காதும் அதில் ஒன்று. வாழ்நாளெல்லாம் நல்ல தளிராகத் தேடித் தின்றவள், அந்த நல்ல ஈர நிலத்தின் நடுவில் கிடந்தாள்.

பச்சைக் காது உயிரோடு இருந்தாள். அவளுடைய கல்லுச் சரிவில் எப்போதும் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். அங்கே பனி தடிப்பாகப் படிவதில்லை, அதனால் பனிக்கட்டியும் தடிப்பாக உறையவில்லை. கற்களுக்கு இடையில் இருந்த பாசியும் காய்ந்த தண்டும் அவளுக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தன.

"அவளுடைய உணவு தரம் குறைந்தது என்று எழுதியிருந்தேன்," என்றார் தலைவி. "அதை மாற்றப் போவதில்லை. அது உண்மைதான். உங்கள் எண்கள் சரி. ஆனால் அந்த வரிக்குக் கீழே இன்னும் எழுத இருக்கிறது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மஞ்சள் காதை அவள் குட்டியாக இருந்த காலத்திலிருந்தே தலைவி அறிந்தவர் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த வாரம், அண்ணா கடைசித் தரிப்பில் நின்ற நேரம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். சரிவில் நின்றது தப்பிவிட்டது என்று அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் கேட்டது மற்றதைப் பற்றி.

"அந்த மஞ்சளுக்குக் குட்டி இருந்ததோ?"

"இருந்தது."

"அதுவும் செத்திட்டுதோ?"

"காணேல்லை எண்டுதான் சொல்லுகினம்."

"பாவம்," என்றார். அந்தப் பக்கம் பேருந்துக் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. "எந்தப் பக்கம் போய் நிக்கவேணுமெண்டு அதுகளுக்கு ஆர் சொல்லுறது," என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொல்லிவிட்டு வைத்தார்.

கோடையில் புதிய பைகள் வந்தன. பச்சைக் காதின் பையைப் பிரித்தேன், உலர்த்தினேன், அரைத்தேன். எண் வழக்கம் போலக் கீழேதான் இருந்தது. கீழே ஈர நிலத்தில் இப்போது மேய ஆட்கள் குறைவு. இருந்தும் அவள் இறங்கவில்லை என்று களத்திலிருந்து எழுதியிருந்தார்கள். இதை வைத்து நான் எதையும் முடிவு செய்யப் போவதில்லை. என் வேலை அரைப்பதும் அளப்பதும்.

இலையுதிர்காலம் தொடங்குகிற சமயம் எங்கள் கட்டடத்தில் பொதுமக்கள் வந்து பார்க்கிற நாள் வைத்தார்கள். அண்ணாவும் மச்சாளும் வந்தார்கள். மச்சாள் உலர்த்தும் அடுப்புக்கு முன்னால் மூக்கைப் பொத்தத் தயாராக நின்றார். நான் திறந்ததும் கையை மெல்ல எடுத்து, "தேத்தண்ணி மணமாவெல்லோ இருக்கு," என்றார். அண்ணா உருப்பெருக்கியில் நெடுநேரம் குனிந்து பார்த்தார். தலைவி அவருக்குப் பாசித் துண்டையும் வில்லோ இலைத் துண்டையும் காட்டிக் கொடுத்தார். அண்ணா பீலில் மேட்டுத் தடத்தில் பேருந்து ஓட்டுகிறவர் என்று அறிந்ததும் தன் தாயார் அந்த மேட்டு இல்லத்தில் இருந்தவர் என்றார். அதன் பிறகு அவர்கள் இருவரும் மானைப் பற்றிப் பேசவேயில்லை. எந்தத் தரிப்பில் படி உயரம், மழை நாளில் எங்கே வழுக்கும் என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மதியம் எங்கள் உணவகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நீளமான மேசையில் எல்லாம் பரப்பி வைத்திருப்பார்கள். தட்டை எடுத்துக்கொண்டு வேண்டியதை எடுக்கலாம். அண்ணா எனக்கு முன்னால் போனார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னால் நின்று பார்த்தார், சிலதை எடுத்தார், சிலதை விட்டார். எனக்கு அவருடைய தட்டை எட்டிப் பார்க்க வேண்டும் போல இருந்தது; பார்க்கவில்லை. அவித்த பீன்ஸை என் தட்டில் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் இடம் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.